மடுல்கெல்லக் குளிரும் என் மனக்கணக்கும்

காலை 5.30. கண்டிக் கடைத்தெருவிலிருந்து பஸ் புறப்பட்டது. மடுல்கெல்லவுக்குப் பதினாறு மைல். கட்டணம் அறுபது சதம். அங்குள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலைத் திறப்பு விழாவில் மனக்கணக்குச் செய்து காட்ட யாழ்ப்பாணத்திலிருந்து அழைக்கப்பட்டிருந்தேன். முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிக் கோட்டு சபைக்கு ஒவ்வாதெனக் கருதி, அதை விடுதியிலேயே விட்டுவிட்டுப் பட்டுக் கோட்டு அணிந்திருந்தேன். பஸ்ஸுக்குப் பக்கக் கண்ணாடிகள் இல்லை. வத்தேகமையைத் தாண்டியதும் பனிமூட்டம் உள்ளே வந்து எங்களுடன் அமர்ந்துகொண்டது.

என்னை அழைத்துப்போக வந்து அருகிலிருந்த தோட்ட மேற்பார்வையாளர் முத்தையாக் கங்காணி தம் கம்பளியை நீட்டினார்.

"போத்திக்குங்க ஐயா."

"வேண்டாம். எனக்குக் குளிர் அவ்வளவாய்த் தெரியிறதில்லை."

"அப்ப இந்தப் பல்லு தாளம் போடுறது யாருங்க?"

நான் மலைகளைப் பார்க்கலானேன்.

காலை 7.40. தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் பெருங்கூட்டம். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் என்னை, "முப்பது வருஷமாய் ஒரு கணக்கும் பிழைவிடாதவர்" என்று அறிமுகம் செய்தார். கங்காணி எழுந்து முதற்கேள்வியைக் கேட்டார்: இருபத்தேழு பேர், ஆளுக்கு முப்பத்தாறு ராத்தல் கொழுந்து, மொத்தம் எவ்வளவு?

வழக்கமாகக் கேள்வி முடியுமுன் விடை வந்துவிடும். அன்று எண்கள் நிலைகொள்ளவில்லை. "எண்ணூற்று எழுபத்திரண்டு" என்றேன். கிளாக்கர் சிலேட்டில் பெருக்கிப் பார்த்துத் தலைகுனிந்தார். சரியான விடை தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு.

முன்வரிசையிலிருந்த கொழுந்தெடுக்கும் பெண் மாரியாயி எழுந்து வந்தாள்.

"ஐயாவுக்குக் கணக்கு மறக்கல, வெறச்சுப்போச்சு. விடியக்காலையில எங்க வெரலே எங்க பேச்சக் கேக்காது. மொதல்ல சூடேத்துங்க."

பெண்கள் அணிவதுபோலவே தன் கம்பளியை என் தலைமேல் மடித்துப் போட்டு, தகரக் குவளையில் சாயத்தண்ணி என்னும் பாலில்லாத் தேநீரும் தந்தாள். கல்லூரிக் கணித ஆசிரியன் இக்கோலத்தில் சபையில் நிற்பதா என ஒரு கணம் தயங்கினேன். ஆனால் இன்னொரு பிழையான விடை அதைவிட மோசமானது. அருந்தினேன்.

உடற்சூட்டைக் காப்பதும் மூளையின் பணியே என்று கல்லூரியில் படித்தவன் நான். அந்தக் காவலிலேயே என் மூளை மூழ்கியிருந்தபோது பெருக்கலை யார் பார்ப்பது? நடுக்கம் நின்றது.

"நாப்பத்தெட்டுப் பேரு, முப்பத்தேழு ராத்தல்" என்றார் கங்காணி.

"ஆயிரத்து எழுநூற்று எழுபத்தாறு."

சிலேட்டும் ஒத்துக்கொண்டது. களம் ஆர்ப்பரித்தது. அதன்பின் அவர்கள் கேட்க, நான் சொல்ல, நண்பகல்வரை ஒரே சிரிப்பு. ஒரு விடையும் பிழையாகவில்லை.

பிற்பகல் 3.00. கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் எங்கள் கல்லூரியை எண்ணினேன். சித்திரை நடுப்பகலில் தகரக் கூரையின்கீழ்ப் பரீட்சை வைத்து, பிழைவிட்டவர்களைச் சோம்பேறிகள் என்று அறிக்கையில் எழுதியவன் நான். அவர்களின் மூளைகளோ வெக்கையைத் தணிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. கணிதப் பரீட்சை இனிக் காலை ஏழு மணிக்கு. அறிவித்தலைக் கண்டி வருமுன்பே எழுதி, கையொப்பமும் இட்டுவிட்டேன்.