அங்கம்மாள் மூட்டிய புகைவீட்டு நெருப்பு

நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் இலை உலர்த்தும் அடுப்பு மூட்டிப் பழகியவள் அங்கம்மாள். மலாயாவில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்ததும் புல் வெட்டும் வேலை கொடுத்தார்கள்; ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டு நெருப்பை நான்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். ஷீட்டில் பூசணம் பிடித்தால் மறுபடி புல் வெட்டப் போக வேண்டும். வேலையை மேற்பார்க்கும் கங்காணியோடு அதுதான் பேச்சு.

மலையில் செய்தது போலவே ஒரே குழியில் சின்ன நெருப்பாக மூட்டி, சூடு போகாமல் கூரையில் திறந்து மூடும் பலகைகளை இறுக மூடினாள். காலையில் கதவைத் திறந்தால் உள்ளே மழை! கூரையில் கோத்த நீர் ஷீட்டுகளின் மேல் சொட்டிக்கொண்டிருக்கிறது.

"அலமாக், ஐயையோ! ஷீட்டக் குளிப்பாட்டுறியா அங்கம்மா? சோப்பு கொண்டாரட்டா?" என்றார் சடையன் கங்காணி.

"சும்மா இருங்க கங்காணியாரே, யோசிக்க விடுங்க."

பயந்தாளா என்று கேட்காதீர்கள், அவள் பயப்படவில்லை. மலைக்காற்று வறண்ட காற்று, கொஞ்சம் சூட்டிலேயே ஈரத்தைக் குடித்துவிடும். இங்கே காற்றே நனைந்து கிடக்கிறது. நெருப்பும் கூட வேண்டும், ஈரம் போக வழியும் வேண்டும். சட்டென்று புரிந்துவிட்டது அவளுக்கு! ஓடிப்போய் இன்னொரு குழியிலும் விறகை அடுக்கி மூட்டினாள். கயிற்றை இழுத்துக் கூரைப் பலகைகளைத் திறந்தாள்.

"சூடு பூரா ஓடிப்போயிரும்லா!" என்று கத்தினார் கங்காணி.

"போகட்டும்! தண்ணியையும் இழுத்துக்கிட்டுத்தானே போகுது!"

கூரை வழியே வெள்ளை ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. அங்கம்மாள் கைதட்டிக் கூவினாள். லயத்து வரிசைவீட்டுப் பெண்களெல்லாம் ஓடிவந்து பார்த்தார்கள்.

வாரக் கடைசியில் ஷீட்டுகள் தேன் நிறத்தில் தொங்கின. கங்காணி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூசணத்தின் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. பிறகு ஒரு விறகுக்கட்டைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"இத எந்தக் குழியில போடணும், சொல்லு."