அருள்ராணி கிளியர் பண்ணிய விமானம்

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஃப்ளெக்ஸ் கடை ஒன்றில் அருள்ராணி டிசைனர். கடை அவள் அண்ணன் சவுரிராயனுடையது. மஞ்சள் நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று ஊரில் தொங்குகிற பேனர்களில் பாதி அவள் கை பட்டவை. எதிலும் அவள் பெயர் இருக்காது. கீழ் மூலையில் கடைப் பெயரும் அண்ணனின் போன் நம்பரும்தான் இருக்கும். அதற்காக அவள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. சண்டை போட்டது விமானத்துக்காக.

நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பல வருஷம் வெளியூர், வெளிநாடு என்று சுற்றிவிட்டுப் போன வருஷம் திரும்பி வந்தபோது, இவள் இப்படி ஆகியிருப்பாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ரேடாரில் சிக்காத போர் விமானங்களின் போட்டோக்களைப் பார்த்து, அதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள், எதை மறைத்திருக்கிறார்கள் என்று இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அதுவும் தமிழில்.

ஆரம்பித்து வைத்தது ஒரு பேனர். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் தன் பிறந்தநாளுக்குத் தலைக்கு மேல் போர் விமானம் பறக்க வேண்டும் என்று கேட்டாராம். நெட்டில் ஒரு படத்தை இறக்கி, விமானத்தை மட்டும் வெட்டியெடுக்க விளிம்பு முழுக்க மவுஸால் புள்ளி வைத்துக்கொண்டே போயிருக்கிறாள். முகமும் மாலையும் வெட்டிப் பழகிய கைக்கு அது புதிதாக இருந்தது. இறக்கை எந்தக் கோணத்தில் சாய்ந்ததோ அதே கோணத்தில் வாலும் சாய்ந்தது. அடியில் திறக்கிற வயிற்றுக் கதவின் விளிம்புகூட அதே சாய்வு. தற்செயலாக இருக்காது என்று தேடிப் படித்தாள். மோதுகிற ரேடார் அலை கண்டபடி சிதறாமல் ஓரிரு திசையில் மட்டும் போய்த் தொலையட்டும் என்பதற்காகத்தான் அந்த ஒழுங்கு. பிரமுகரின் பேனரைக் காற்று கிழித்துக்கொண்டு போய்விட்டது. இவளைப் பிடித்தது விடவில்லை.

விழுப்புரத்தில் இனியவன் என்று ஒருவன் ராணுவச் செய்தி யூட்யூப் சேனல் நடத்துகிறான். லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். அருள்ராணி எழுதியதெல்லாம் மறுநாள் அவன் வாயிலிருந்து வரும். ஒரு கண்காட்சியில் பறந்த விமானத்தின் வயிற்றில் சின்னக் குமிழ் ஒன்று இருந்தது. ரகசியக் கேமரா என்று பலரும் அடித்துச் சொன்னார்கள். ரேடாரில் தெரிய வேண்டுமென்றே மாட்டிய குமிழ் அது, விமானத்தின் உண்மையான தடயம் அடுத்தவனுக்குக் கிடைத்துவிடக் கூடாதில்லையா, சண்டைக்குப் போகும்போது கழற்றிவிடுவார்கள் என்று இவள் எழுதினாள். இனியவன் அதை அப்படியே படித்துவிட்டு, "நம்ம ரிசர்ச் டீம் கண்டுபிடிச்சது" என்றான். இவள் கீழே கமெண்ட் போட்டாள். அழித்தான். மறுபடி போட்டாள். முடக்கினான். போனில் கேட்டதற்கு, இணையத்தில் இருப்பது எல்லோருக்கும் பொது என்று சொன்னானாம். இரண்டு வருஷம் இதே கதை. ஒரே ஒரு தடவை என் பேரைச் சொன்னால் போதும் என்பதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்குத்தான் அவனுக்கு மனம் வரவில்லை.

போன மார்ச்சில் ஒரு வெளிநாட்டுப் புது விமானத்தின் போட்டோ வந்தது. யாரோ ஓடுகிற காரிலிருந்து எடுத்தது, ஒரே கலங்கல். அருள்ராணி உட்கார்ந்து பார்த்தாள். வயிற்றுக் கதவின் ஓரம் ரம்பம் மாதிரி அறுத்து அறுத்து இருக்கிறது, உள்ளே ஏவுகணை வைக்க இடம் விட்டிருக்கிறார்கள் என்று எழுதினாள். சாயங்காலமே இனியவன் வீடியோ போட்டுவிட்டான். அவன் சேனலிலேயே அதிகம் பேர் பார்த்த வீடியோ அதுதான்.

அந்த வாரம் நான் கடையில் இருந்தபோது கண்டாச்சிபுரத்திலிருந்து செண்பகம் என்ற பெண் வந்தார். அப்பா இறந்துவிட்டார், முப்பதாம் நாளுக்குப் பேனர் வேண்டும். போனில் இருந்தது ஒரே படம், அதுவும் கல்யாணக் கூட்டத்தில் மங்கலாக. இந்தக் கடைகளில் எந்தப் போட்டோ வந்தாலும் முதலில் அதைக் 'கிளியர்' பண்ணுவார்கள். முன்பு கையால் செய்தது, இப்போது ஒரு ஏஐ சாஃப்ட்வேர் நொடியில் செய்துவிடுகிறது. யோசித்துச் செய்கிற வேலையில்லை, டீ வந்தால் குடிப்பது மாதிரி. அருள்ராணி கிளியர் பண்ணித் திரையைத் திருப்பினாள்.

செண்பகம் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கப்பா மீசையே வச்சதில்லம்மா. இது யாரு?"

மூக்குக்குக் கீழே விழுந்த நிழலை அந்த சாஃப்ட்வேர் மீசையாக்கி, மயிர் மயிராக வரைந்து வைத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அருள்ராணிக்கு முகம் செத்துவிட்டது. செண்பகத்தின் வேலையைப் பழைய முறையில் கையால் முடித்து அனுப்பிவிட்டு, விமானத்தின் மூலப் படத்தைத் திறந்தாள். கதவு இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். ரம்பம் எதுவும் இல்லை. அவள் பார்த்து எழுதியது, கைப் பழக்கத்தில் கிளியர் பண்ணிய படத்தை.

"மீசைதாண்டி மெர்லின்," என்றாள். "நானே மீசை வரைஞ்சி, நானே மீசையப் பத்தி எழுதிக்கினு இருந்திருக்கேன்."

எழுதியதைத் திருத்துவதற்குள் தெளிவான படங்கள் வெளியே வந்துவிட்டன. கதவின் ஓரம் நேராக இருந்தது. இனியவனின் வீடியோவுக்குக் கீழே காறித் துப்பினார்கள். அன்று மத்தியானம் அவனிடமிருந்து இவளுக்கு ஒரு செய்தி. ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, பெயர் போட்டுவிட்டேன். போய்ப் பார்த்தால், அந்த வீடியோவின் தலைப்பிலேயே இருந்தது: ஆய்வு, திண்டிவனம் அருள்ராணி. துப்பல் அத்தனையும் இப்போது இவள் மேல். ஃப்ளெக்ஸ் கடைக்காரிக்கு எதற்கு விமானம், போய்ச் சோறாக்கு என்று முகம் காட்டாதவன்களெல்லாம் எழுதினான்கள். அதில் சிலரை எனக்குத் தெரியும். இதே ஊர்தான்.

இருவரும் பஸ் ஏறினோம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோதும் அவள் போனில் அந்தக் கமெண்டுகளைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். விழுப்புரத்தில் ஒரு மாடியில் அவன் ஸ்டுடியோ. எங்களை உட்காரச் சொல்லி, கூல்ட்ரிங்ஸ் வாங்கிவரச் சொன்னான். அவ்வளவு மரியாதை.

அருள்ராணி உட்காரவில்லை. "ரெண்டு வருஷமா நான் சரியா சொன்னதெல்லாம் உன்னுது. தப்பா சொன்னது மட்டும் என்னுதா?"

"நீங்கதானக்கா பேரு பேருன்னு கேட்டுக்கினே இருந்தீங்க. பேஜாரா இருந்தா சொல்லுங்க, இப்பவே எடுத்துடறேன்."

எடுத்துவிட்டால் தப்பு மறுபடி அவன் தலையில். இவள் பேசாமல் வீட்டுக்குப் போகலாம். போய்விடு என்றுதான் எனக்கும் தோன்றியது. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எடுக்காத," என்றாள். "அது என்னுதுதான். மத்ததுலயும் போடு."

பழைய வீடியோவையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிரித்தான். மேற்கொண்டு அவள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் கடை வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ் ஒன்று தொங்கியது. இடப்பக்கம் கலங்கல் படம், வலப்பக்கம் கிளியர் பண்ணிய படம். நடுவில், இந்த ரம்ப ஓரத்தை நான்தான் வரைந்தேன், விமானத்தில் இல்லை. கீழே குமிழ் முதல் அவள் சரியாகச் சொன்னவை, ஒவ்வொன்றும் அவள் எழுதிய தேதியோடு. மூலையில் அவள் முகம், பரு, கண்ணுக்கடியில் கருப்பு எதையும் தொடாமல். நாம் மீசை வரைவதை நாமே ஊருக்குச் சொன்னால் எவன் வருவான் என்று சவுரிராயன் கத்தினார். "வரைஞ்சது நான். தொங்கட்டும்," என்றாள்.

யாரோ அதைப் போட்டோ எடுத்துப் பரப்ப, இனியவன் அதையும் வீடியோவாக்கினான். முகத்தை வெட்டிவிட்டான், தேதிகளை வெட்டிவிட்டான். ஆனால் வெட்டுவது அவளுடைய தொழில். அவன் எங்கே வெட்டுவான் என்று தெரிந்தே, தன் பெயரைப் பெரிய எழுத்தில் விமானத்தின் வயிற்றுக் கதவு மேலேயே ஓடவிட்டிருந்தாள். அதை வெட்டினால் கதவும் போய்விடும். அதனால் பெயரைக் கலங்கலாக்கிக் காட்டினான். கதவும் சேர்ந்து கலங்கியது. இல்லாத ஒரு கதவைக் கோல் வைத்துக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

அங்கே என்ன மறைத்திருக்கிறாய் என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். அதற்குக் கீழே வேறு யாரோ எழுதியிருந்தார்: திண்டிவனம் அருள்ராணி.

இனியவன் அதை அழித்தான். இன்னொருவர் எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்காவது வந்தது. அருள்ராணி சிரிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த கண்ணீர் அஞ்சலிப் படத்தைக் கையாலேயே சுத்தம் செய்ய ஆரம்பித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு.