அடிச்சத்தம் கேட்காமல் ஒரு கிராஃபிக்ஸ் கார்ட்

மனைவியின் கணினியை நான் உதைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோறு ஆறுகிறது, வாரும் என்று மூன்று தரம் கூப்பிட்டேன். அவள் காதில் ஹெட்ஃபோன். கண் திரையில். கவசம் போட்ட யாரோ ஒருவனை வாளால் வெட்டிக்கொண்டிருந்தாள். நாலாம் தரம் நான் கூப்பிடவில்லை. மேசைக்குக் கீழே நின்ற பெட்டிக்குக் காலால் ஓங்கி ஒன்று விட்டேன். பெட்டி சுவரில் மோதிச் சாய்ந்தது. உள்ளே விசிறி எதையோ கடித்துக்கொண்டு கத்தியது. திரை அணைந்தது.

திறந்து பார்த்தபோது கிராஃபிக்ஸ் கார்ட், அதுதான் விளையாட்டின் படங்களைத் திரைக்கு வரைந்து கொடுக்கும் தடித்த அட்டை, செருகியிருந்த இடத்திலேயே முறிந்து தொங்கியது.

அது நான் உடைத்த முதல் பொருள் என்றால் பரவாயில்லை. ஜெர்மனியில், ஹம்பேர்க்கில் அந்த நாலாம் மாடி வீட்டுக்குக் குடிவந்த ஐந்து வருடத்தில் ஒரு கதவுக் கண்ணாடி, இரண்டு கைத்தொலைபேசி, ஒரு ரைஸ் குக்கர், குளியலறைச் சுவரில் இரண்டு ஓடு என் கணக்கில் போயிருந்தன. ஒருமுறை கீழ்வீட்டு அம்மா பொலிசைக் கூப்பிட்டுவிட்டார். வாசலில் நின்ற இரண்டு பேருக்கும் என் மனைவி, அலுமாரித் தட்டு கழன்று விழுந்துவிட்டது என்று நல்ல ஜெர்மனில் விளக்கம் சொன்னாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று தலையாட்டினேன். அவர்கள் படியிறங்கிய பிறகு, "நான் உம்மிலை ஒருநாளும் கை வைச்சதில்லை, அது உமக்குத் தெரியும்தானே" என்றேன். எனக்கு அதில் பெருமை வேறு.

கார்ட் முறிந்த அன்று அவள் அழவில்லை. முறிந்த துண்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே பேசினாள்.

"புதுசு நீங்கள்தான் பாத்து எடுக்கோணும். நீங்கள்தான் செருகிப் பூட்டோணும். இனி இந்த வீட்டுக்குள்ளை ஒரு அடிச்சத்தம் கேட்டால் நான் பேர்லினுக்கு அக்கா வீட்டை போயிடுவன். திரும்பி வரமாட்டன்."

"சரி. அவ்வளவுதானே?"

"என்ரை மிசினிலை லினக்ஸ். அதுக்குச் சரிவாறதாப் பாத்து எடுங்கோ."

லினக்ஸ் என்பது யாரும் உள்ளே எட்டிப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து விட்டிருக்கும் இயங்குதளம். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவளுக்கு அதில்தான் வேலை, வீட்டிலும் அதைத்தான் வைத்திருந்தாள். ஊர் உலகம் எல்லாம் பாவிக்கிறதை விட்டுவிட்டு ஏன் இந்த வில்லங்கம் என்று முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். என் உத்தரவு இல்லாமல் இதற்குள் யாரும் கைவைக்க முடியாது, அதனால்தான் என்றாள். நான் சிரித்தேன். நான் துறைமுகத்துக் களஞ்சியத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். கணினியில் எனக்குத் தெரிந்தது போடுவதும் நிறுத்துவதும்.

மூன்று கிழமை வேலை இடைவேளைகளில் பாண் துண்டைக் கடித்தபடி போனில் படித்தேன். கார்டை வாங்கிச் செருகினால் மட்டும் போதாது, அதோடு பேசுவதற்கு டிரைவர் என்று ஒரு மென்பொருள் வேண்டும். சில கார்டுகளுக்கு அந்த டிரைவரைப் பூட்டிய பெட்டி மாதிரித் தருகிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, இயங்குதளத்தைப் புதுப்பிக்கிற நாளில் எது நடக்கும் என்றும் தெரியாது. சில கார்டுகளுக்கு டிரைவர் திறந்தது. அது லினக்ஸின் மையமான கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் தேடிப் போடத் தேவையில்லை. இதில் எது நல்லது என்று இணையத்தில் ஒரு மன்றத்தில் ஆட்கள் தலைவேறு முண்டம் வேறாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டை எனக்குப் பிடித்துப்போயிற்று. நானும் பெயர் பதிந்து இறங்கினேன். பூட்டிய டிரைவர்தான் வேகம் என்று சொன்ன ஒருவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டி ஒரு பந்தி எழுதினேன். இரண்டாம் நாளே மன்றத்திலிருந்து என்னைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள். களஞ்சியத்தில் அன்று போனைச் சுவரில் எறியப் போன கையை எப்படி நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது.

ஆனாலும் திறந்த டிரைவர் என்ற முடிவு சரியானது. நான் பிழைவிட்டது அதற்குப் பிறகு.

கடைக்குப் போனேன். அங்கே திறந்த டிரைவர் உள்ள கார்டுகளில் ஏழெட்டு வகை இருந்தன. விற்பனைப் பொடியனிடம் லினக்ஸ் என்றதும் தோளைக் குலுக்கினான். கண்ணாடி அலுமாரியில் அந்தக் கிழமைதான் வெளிவந்த கார்ட் ஒன்று, முழங்கை நீளம், மூன்று விசிறி, தனியாக வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராது. அதற்குப் பதிலாக ஒரு பெட்டி வரும். அப்பா அம்மாவோடு சண்டை பிடித்த ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு ஒரு புதுச் சாமான் வந்தது, அதோடு கதை முடிந்தது. நானும் இருப்பதில் பெரியதை, புதியதை எடுத்தேன். அவளைக் கேட்டால் திடீர்ச் சந்தோஷம் கெட்டுவிடும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை அவள் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டத் தொடங்கினேன். கார்ட் உள்ளே போகவில்லை, நீளம் கூடிப்போயிற்று. ஹார்ட் டிஸ்க் வட்டு வைக்கும் தகரக் கூட்டைக் கழற்றினால்தான் இடம் வரும். அந்தத் தகரத்தின் விளிம்பு சுட்டுவிரலை நகத்தடியில் இருந்து கிழித்தது. இரத்தம் போர்டில் சொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன். ஒரு திருகாணி விழுந்து எங்கோ போய்ச் சிக்கிக்கொண்டது. அந்த நேரம் அந்தப் பெட்டியைத் தூக்கி யன்னலால் முற்றத்துக்கு எறிய வேண்டும்போல இருந்தது, அது எப்படிச் சிதறும் என்றுகூட எனக்குத் தெரிந்தது. எறியவில்லை. கார்டைப் பூட்டி, மின்கம்பிகளைச் செருகி, ஆளியை அழுத்தினேன்.

விசிறிகள் சுழன்றன. வெள்ளை எழுத்தில் சில வரிகள் ஓடின. பிறகு திரை கறுத்து, மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது.

ஐந்து தரம் நிறுத்திப் போட்டேன். ஐந்து தரமும் அந்தக் கோடு. சுத்தியல் சமையலறை மேசையின் இழுப்பு லாச்சிக்குள் இருக்கிறது என்ற ஒரே நினைவுதான் மண்டைக்குள் இருந்தது. எழும்பி, வீட்டைப் பூட்டி, படிகளில் விழுந்தடித்து நிலக்கீழ் அறைக்கு ஓடினேன். அங்கே காருடைய குளிர்காலச் சில்லுகள் நாலு அடுக்கிக் கிடந்தன. கை வலிக்கும்வரை குத்தினேன். கை வலித்த பிறகும் குத்தினேன். விரல் மொழிகள் நாலும் தோலுரிந்து, ரப்பரில் என் இரத்தம் பூசிக் கிடந்தது. நாயே, நாயே என்று நான் கத்தியது யாரை என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. நாலாம் மாடிக்கு அந்தச் சத்தம் கேட்காது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

மேலே ஏறி வந்தபோது அவள் வந்திருந்தாள். கடைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கார்டின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"இது போன கிழமை வந்த கார்டெல்லோ?"

"ஓம். இருக்கிறதிலை புதுசு."

"என்ரை கேர்னல் ரெண்டு வருசம் பழசு. ஒண்டும் குழம்பக்கூடாது எண்டு நான்தான் பழசை வைச்சிருக்கிறன். டிரைவர் அதுக்குள்ளைதானே இருக்கு? போன கிழமை பிறந்த கார்டை அதுக்கு எப்பிடித் தெரியும்?" அவள் சிரித்துவிட்டாள். பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. "என்னை ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே. போன வருசத்துக் கார்ட் பாதி விலைக்கு அப்பிடியே வேலை செய்திருக்கும்."

பிறகு அவள் கதிரையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கறுப்புத் திரையிலேயே எழுத்தால் கட்டளை கொடுத்து, புதிய கேர்னல் ஒன்றை இறக்கினாள், கார்டுக்கு வேண்டிய இன்னும் சிலதையும் இறக்கினாள். அரை மணித்தியாலம் போயிருக்கும். நான் பக்கத்தில் நின்று, அவள் விரல்கள் போகிற வேகத்தைப் பார்த்தேன். எனக்கு அவளில் அப்படி ஒரு ஆசை வந்தது. கடைசியாக நிறுத்திப் போட்டாள். வரிகள் ஓடின. திரை வந்தது. அவள் விளையாட்டைத் திறந்தாள். மலை, மூடுபனி, புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தது. நாங்கள் இருவரும் அப்படி ஒரு படத்தை அந்தத் திரையில் கண்டதில்லை.

"வந்திட்டுது" என்று சொல்லி நான் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். உள்ளங்கையால், முழுப் பலத்தோடு.

கதிரை பின்னால் உருண்டு கட்டிலில் இடித்தது. அவள் அதில் சுருண்டு போயிருந்தாள். முழங்கால்கள் நெஞ்சில், இரண்டு கையும் முகத்துக்குக் குறுக்கே. கணினியை அவள் மறைக்கவில்லை. தன் முகத்தைத்தான் மறைத்தாள்.

"சந்தோசத்திலை தட்டினது" என்றேன்.

"தெரியும்" என்றாள் கைகளுக்குள் இருந்தபடியே. "எனக்கு ரெண்டும் ஒரே சத்தம்தான்."

"நான் உம்மை அடிச்சிடுவன் எண்டு நினைச்சீரோ?"

அவள் கைகளை மெல்ல இறக்கினாள்.

"ஒவ்வொரு நாளும்."

ஞாயிறு காலை ரயிலில் போனாள். கணினியையும் கொண்டுபோனாள். பாரத்தில் மறுபடி முறிந்துவிடும் என்று கார்டைக் கழற்றி, அதன் பெட்டியில் வைத்து, ரயிலுக்குள் ஏறி அவள் மடிக்கு நீட்டினேன். வாங்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டி தன் பிடிக்குள் வந்து, நான் விட்டுவிட்டுப் பின்னுக்கு நகரும்வரை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.