பெட்டி புகைந்துவிட்டது என்று சொன்னேன்

கொடைக்கானலில் பழைய வீடுகள் சிலவற்றில் ஒரு கனத்த இரும்புப் பெட்டி இருக்கும். மிஷன் பங்களாக்களில் குடியிருந்த அமெரிக்கக் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன ரேடியோ, மிக்சி, விளக்கு போன்ற சாமான்களோடு வந்த பெட்டி. அவை நம் மின்சாரத்தில் பாதியைத்தான் தாங்கும். ஆகவே பெட்டியை நம் சுவரில் சொருகி, அந்தச் சாமானின் தட்டையான இரண்டு பித்தளை முனைகளைப் பெட்டியில் சொருக வேண்டும். பெட்டி மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கும்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு மேசை விளக்கு உண்டு. பித்தளைத் தண்டு, மஞ்சளேறிய துணிக் கூடு. என் மனைவி இங்கே ஒரு பள்ளி விடுதியில் பிள்ளைகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தபோது, ஊருக்குத் திரும்பிய டீச்சரம்மா ஒருவர் அவளுக்குக் கொடுத்தது. நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தேன். சனிக்கிழமை மலையேறி ஞாயிறு மாலை இறங்கிவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகுதான் என் வீட்டில் நான் முழுதாகக் குடியிருக்கத் தொடங்கினேன். அந்த வீட்டுக்கு என்று இருந்த பழக்கங்கள் எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

சாயங்காலம் விளக்கைப் போட்டு அதன் அடியில் அவள் ஸ்வெட்டர் பின்னுவாள். விளக்கு எரியும் நேரமெல்லாம் மேசைக்குக் கீழே பெட்டி உறுமிக்கொண்டிருக்கும். எதிரே பேப்பர் படிக்கும் எனக்கு அது எரிச்சல்.

“இந்தப் பெட்டியே வேணாம். பிளக்க வெட்டிட்டு நம்ம ஊரு பிளக்கு மாட்டி, நம்ம ஊரு பல்பப் போட்டா முடிஞ்சுச்சு. இது எட்டாம் வகுப்புப் பாடம்” என்பேன்.

“அது பாட்டுக்குக் கெடக்கட்டுங்க. ஒங்களுக்கு வேற சோலி இல்லையா?” என்பாள்.

மின்சாரம் புரியாத பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் கண்புரை ஆபரேஷனுக்காக மதுரையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். சில நாள் அங்கேயே தங்க வேண்டியிருந்தது. எனக்கு வசதியாகப் போயிற்று. கடைவீதியில் ஒரு இரண்டு முனை பிளக்கும், திருகி மாட்டுகிற எல்.இ.டி. பல்பு ஒன்றும் வாங்கி வந்தேன். விளக்கின் பழைய பிளக் வயரோடு சேர்த்து வார்த்தது, திறக்க முடியாது. வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினேன். பிளேடால் ரப்பரைச் சீவி, செம்பு இழைகளை முறுக்கி, புது பிளக்கின் திருகுகளுக்குள் இறுக்கி மூடினேன். சுவரில் சொருகிப் போட்டதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. சத்தமே இல்லை. வேலையில் ஒரு குறையும் இல்லை என்பதை இன்றும் சொல்வேன்.

மறுநாள் ஒலிபெருக்கி வைத்த பழைய இரும்பு வாங்கும் வேன் தெருவுக்கு வந்தது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

தங்கைதான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கறுப்புக் கண்ணாடியோடு தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள் மனைவி. அவள் ஆச்சரியப்படுவாள் என்ற ஆசையில் விளக்கைப் போட்டேன். அவள் விளக்கைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலால் மேசைக்கு அடியில் துழாவினாள். இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டித் துழாவினாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெட்டி சூடாக இருக்கும். அந்தக் குளிரில் இத்தனை வருஷமாக அவள் கால் வைத்துக்கொண்டிருந்தது அதன் மேல். எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

“பெட்டி எங்கங்க?” என்றாள்.

பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சண்டை போட்டிருப்பாள், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள், அத்தோடு முடிந்திருக்கும்.

“அது பொகஞ்சுபோச்சு. அதான் எடுத்துட்டேன்” என்றேன்.

“பொகஞ்சுபோச்சா? நா அணைக்காமப் போயிட்டேனா?”

அவள் அணைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். அது மட்டுமில்லை, பிளக்கை உருவி வயரை விளக்கின் தண்டில் சுற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான்தான் அந்தச் சுற்றைப் பிரித்தேன். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொன்னது, “பரவால்ல, விடு. நாந்தான் இருந்தேன்ல.”

அவள் செய்யாத தப்புக்கு நான் அவளைப் பெருந்தன்மையாக மன்னித்தேன்.

தங்கை சமையலறையிலிருந்து காபியோடு வந்தாள். “அக்கா, நீயாவது அணைக்காமப் போறதாவது! இந்த வாத்தியார் மாமாதே எதையோ நோண்டியிருப்பாரு. மூஞ்சியப் பாரு, முழியே சரியில்ல.”

“ஏய், சும்மா இருடி. கரண்டுலயெல்லாம் அவரு தப்புப் பண்ண மாட்டாரு” என்றாள் என் மனைவி.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் தலை நிமிர முடியவில்லை.

அவளுடைய அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தப்பிப் போயிருந்தது. பெற்ற மகளை யாரென்று கேட்பார். அவருக்கு அது ஆரம்பித்ததே அடுப்பை அணைக்க மறந்ததில்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் பொய் அவளுக்குள் எங்கே போய் விழுந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

முதலில் கேஸ் அடுப்பு. அணைத்துவிட்டு வந்து உட்காருவாள், எழுந்து போய்த் திருகைத் தொட்டுப் பார்ப்பாள், மறுபடியும் போவாள். பிறகு கதவுப் பூட்டு. கடைக்குக் கிளம்பினால் ஏரிச் சாலை திரும்புவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். பின்னும்போது கண்ணிகளை எண்ணிவிட்டு, “சரியா எண்ணுனனா?” என்று என்னைக் கேட்பாள். பிறகு பின்னுவதையே விட்டாள். ஒவ்வொன்றையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். நாள் போகப் போகப் பொய்யைவிட, பேசாமல் இருந்தது பெரிய குற்றமாகிவிட்டது. அதனாலேயே இன்னும் பேசாமல் இருந்தேன்.

எங்கள் மாதா கோயிலில் பீடத்துக்குப் பூ வைத்து, பூசை முடிந்ததும் மெழுகுதிரிகளை அணைத்துப் பூட்டிவிட்டு வருவது அவள் பொறுப்பு. விடுதி வேலையை விட்ட பிறகு அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். பூசை நாளில் வெள்ளனே எழுந்து டாலியா பறிப்பாள். அந்தச் சாவியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“ஏம்மா, ஒடம்புக்கு எதுவும் முடியலையா?” என்று அவர் கேட்டார்.

“இல்ல ஃபாதர். எனக்கு இப்பல்லாம் ஞாபகம் சரியில்ல. வீட்டுலயே ஒண்ணு பொகஞ்சுபோச்சு. கோயில்ல ஒண்ணு ஆயிட்டா?”

நான் பக்கத்தில்தான் நின்றேன். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் தங்கையே மதுரையில் ஞாபக மறதிக்கான டாக்டர் ஒருவரிடம் நேரம் வாங்கினாள். காலையில் நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். டம்டம் பாறை தாண்டுவதற்குள் வீட்டைப் பூட்டினேனா என்று என் மனைவி பலமுறை கேட்டுவிட்டாள். பூட்டினாய் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“எங்கம்மா மாதிரி ஆயிட்டா என்னைய வீட்டுல வச்சுச் சங்கடப்படாதீங்க. சிஸ்டர்மாரு ஹோம்ல விட்டுருங்க. அப்ப நா அழுதாலும் கேக்காதீங்க. இப்ப நெனவோட சொல்றேன்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பெட்டி புகையவில்லை என்றேன். நான்தான் பிளக்கை வெட்டினேன், பெட்டியை இரும்புக்காரனிடம் கொடுத்தேன் என்றேன். பஸ் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப நா அணைச்சுட்டுத்தான் போனேனா?”

“ஆமா.”

“பிளக்க உருவி வச்சிருந்தேனா?”

“உருவி, வயரையும் சுத்தி வச்சிருந்த.”

அவள் முகம் தெளிந்தது. அதை நான் பார்த்தேன். காணாமல் போன பிள்ளை கிடைத்ததுபோல ஒரு தெளிவு. ஆனால் அது நிலைக்கவில்லை. வத்தலக்குண்டு வந்து, பஸ் நின்று, எல்லோரும் டீ குடிக்க இறங்கிய பிறகும் அவள் சீட்டிலேயே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“பெட்டி போனாப் போகுதுங்க. சாவியக் குடுத்தப்பக்கூடப் பக்கத்துலதான நின்னீங்க?”

“ஆமா” என்றேன்.

திரும்பிவிடலாமா என்று கேட்டேன். “வேணாம். டாக்டரப் பாத்துட்டே போவோம். இப்ப எனக்கே எது நெசம்னு தெரியல” என்றாள். டாக்டர் படங்களைக் காட்டினார், கணக்குக் கேட்டார், சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். வயதுக்குரியதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றார். அங்கே வந்து சேர்ந்திருந்த தங்கை சந்தோஷத்தில், “பாத்தியா, நாந்தே அன்னைக்கே சொன்னேன்ல, மாமாதே நோண்டியிருப்பாருன்னு” என்று மறுபடியும் கேலி பண்ணினாள். என் மனைவி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அன்று போல எனக்காகப் பரிந்தும் பேசவில்லை.

கோயில் சாவி இப்போது வேறொரு அம்மாவிடம் இருக்கிறது. நன்றாகவே செய்கிறார். அவரிடமிருந்து திருப்பிக் கேட்பது மரியாதையில்லை என்று சொல்லிவிட்டாள். கால் வைத்துக்கொள்ள வெந்நீர்ப் பை வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். பெரும்பாலும் அது அலமாரியில்தான் இருக்கிறது. விளக்கு சத்தமில்லாமல் எரிகிறது.

நேற்று மாலை அதன் அடியில் உட்கார்ந்திருந்தவள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு. நா இப்பத்தான் பாத்தேன்” என்றேன்.

“சரிங்க” என்றாள்.

பிறகு எழுந்து போய், திருகைத் தானே தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.