பச்சைத் தண்ணீர்

கடல் நீலமாக இருந்தால் எவாரிஸ்தோ பந்தா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். பச்சையாகிவிட்டால் விசிலடிப்பான். பராச்சிக்கே படகுத்துறையில் எல்லோருக்கும் இது தெரியும். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிதான் அந்தப் பச்சை. கடலடியில் அவன் வேலியிட்டு வளர்த்த விசிறிச் சிப்பிகள் அதைத் தின்றுதான் சதை போட்டன. நெத்திலிக்கும் அதுதான் தீனி, நெத்திலியை நம்பித்தான் கூழைக்கடா. குளிக்க வந்த வெளியூர்க்காரர்கள் அந்தத் தண்ணீரைப் பார்த்து மூக்கைச் சுளித்தால் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அந்த மார்ச்சில் பச்சை கஞ்சிபோலத் திரண்டது. காற்று அடியோடு நின்றுவிட்டது. அவன் முக்குளிக்கும்போது படகில் இருந்தபடி அவனுக்குக் காற்று செலுத்தும் ரப்பர் குழாயைப் பார்த்துக்கொள்ளும் மனைவி தொமித்திலாவுக்கு அது பிடிக்கவில்லை.

"யோவ், காத்தே இல்ல, தண்ணி புரளவே இல்ல. சிப்பிய இன்னிக்கே அள்ளிடுவோம்."

"தின்னுக்கிட்டிருக்கிற புள்ளைய எழுப்பச் சொல்றியே. இன்னும் ஒரு வாரம்டி, நல்லா கொழுத்துரும்."

வாரம் முடியவில்லை. ஒரு காலையில் கடல் பால் கலந்ததுபோல் வெளுத்து, அழுகிய முட்டை நாற்றம் கரைவரை அடித்தது. செத்த பாசியை மக்கவைத்துப் புதுப் பாசிக்கு உரமாக்குவது கடலடிக் கிருமிகளின் வேலை. பாசி அளவுமீறிச் செத்தாலோ, அவையே தண்ணீரில் கரைந்திருக்கும் மூச்சுக்காற்றையெல்லாம் குடித்துவிடும். எவாரிஸ்தோவுக்கு இது தெரியாததல்ல. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

குழாயைக் கவ்விக்கொண்டு குதித்தான். அடியில் தன் கையே தெரியவில்லை. உயிருள்ள சிப்பி தொட்டதும் மூடிக்கொள்ளும். ஒன்றைத் தொட்டான், பிளந்தே கிடந்தது. அடுத்ததும் அப்படியே. ஓராண்டு உழைப்பின்மேல் தவழ்ந்து தவழ்ந்து வேலியின் மேட்டு ஓரத்துக்குப் போனான். மேலிருந்து தொமித்திலா குழாயை இரண்டு முறை இழுத்தாள்: ஏறி வா. அவன் ஏறவில்லை. மறுபடி இழுத்தாள், இன்னும் பலமாக. அப்போதுதான் ஒரு சிப்பி அவன் விரலை நறுக்கென்று கவ்வியது. வலியிலும் அவனுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

உயிரோடு ஒரே ஒரு வலைப்பை அளவுதான் தேறியது. அத்தனையும் இளசு. வெள்ளை நீர் எட்டாத இடம் தேடி, அலை புரளும் வெளிக்கடலுக்குப் படகை விரட்டினார்கள். அங்கே தண்ணீர் தெள்ளத்தெளிந்த நீலம்.

எவாரிஸ்தோ பையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இங்க திங்க ஒண்ணுமே கிடையாது, தொமித்திலா. பட்டினி கிடக்கும்."

"கிடக்கட்டும். மூச்சு இருக்குல்ல," என்றாள் அவள்.

அவன் பையின் கயிற்றைத் தளர்த்தி நீலத்துக்குள் இறக்கினான்.