கைப்பைக்குக் கீழே சாவிப்பை

பம்மலில் தோல் பை தைக்கிற பட்டறை ஒன்றில் எனக்குச் சாவிப்பை மேஜையில் வேலை. நாங்கள் நான்கு பெண்கள். பொழிச்சலூரிலிருந்து நடந்தே போய்விடுவேன்.

தொண்ணூறுகளில் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். தாம்பரத்திலிருந்து ஒரு பெண் வந்து, எந்தச் சாமானுக்கு எவ்வளவு செலவு என்று அதில் ஏற்றினாள். கைப்பை, பெல்ட், சாவிப்பை எல்லாம் திரையில் தனித்தனிக் கட்டமாக இருந்தன.

எங்கள் மேஜைக்கும் வந்தாள். "அக்கா, இதுக்கு என்ன தோல் போடறீங்க?"

"கைப்பைக்குப் போடற அதே தோல்."

"ஒண்ணுக்கு எவ்வளவு தோல் ஆகும்?"

உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டுத் தலை குனிந்துகொண்டேன். புது ஆள் என்றால் எனக்குப் பேச்சு வராது. அஞ்சாவதோடு நின்ற படிப்பு என்று சாக்கு வைத்துக்கொள்வேன்.

அடுத்த வாரம் முதலாளி வந்து நின்றார். "சாவிப்பைல நஷ்டம்னு கம்ப்யூட்டர் காட்டுது. இந்த மாசத்தோட நிறுத்திடலாம்."

அவர் போனதும் பக்கத்தில் இருந்தவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, நீதான அந்தப் பொண்ணாண்ட பேசின? இன்னா சொன்ன?"

"கேட்டதச் சொன்னேன்."

"கேக்காததயும் சொல்றதுதான? வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா?"

அப்போதுதான் உறைத்தது. சாவிப்பைக்கென்று நாங்கள் தோல் எடுத்ததே கிடையாது. கைப்பை வெட்டியது போக ஓரத்தில் மிஞ்சுகிற துண்டில்தான் வெட்டுவோம். பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, அதனாலேயே சொல்லத் தோன்றவில்லை. என் வாயால் நாலு பேர் வேலை போகப் பார்த்தது.

ஒரு மிச்சத் துண்டையும் சாவிப்பை அளவு அட்டையையும் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நுழைந்தேன். முதலாளியும் உள்ளேயே இருந்தார். துண்டின் மேல் அட்டையை வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

"இந்தத் துண்டு எங்கேர்ந்து வருதுக்கா?"

"கைப்பை வெட்டின மிச்சம்மா. நாங்க எடுக்கலன்னா குப்பைக்குத்தான் போவும்."

அந்தப் பெண் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "முழுத் தோலும் கைப்பை கணக்குல இருக்கு சார். அதையே சாவிப்பைக்கும் எழுதிட்டேன்." பிறகு என்னிடம் கேட்டாள். "கைப்பை ஆர்டர் இல்லாத மாசத்துல என்ன பண்ணுவீங்க?"

"அப்ப சாவிப்பையும் கெடையாது. பெல்ட் தைப்போம். இது அதுகூடவே பொறந்ததும்மா."

அவள் தட்டத் தட்ட, சாவிப்பைக் கட்டம் கைப்பைக் கட்டத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தது. நடுவில் ஒரு கோடு. தோல் செலவு மேலேயே நின்றுவிட்டது. கீழே ஜிப், வளையம், நூல், எங்கள் கூலி மட்டும். முதலாளி குனிந்து பார்த்தார். "பரவால்லியே, லாபந்தான் வருது. நீங்க போய்த் தைங்கம்மா."

மேஜைக்குத் திரும்பினால், பக்கத்தில் இருந்தவள் தரையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்தாள். "ஒரு முத்துகூட வுழலியேக்கா." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பிறகு அந்தப் பெண் எந்த மேஜைக் கணக்கை முடித்தாலும் கடைசியில் என்னிடம் வருவாள். "நான் கேக்காதது ஏதாவது இருக்காக்கா?"

முதல் தடவையே ஒன்று இருந்தது. பெல்ட் மேஜைப் பசையில்தான் நாங்களும் சாவிப்பையை ஒட்டிக்கொண்டிருந்தோம்; அது எங்கள் கணக்கில் ஏறவே இல்லை.