நான் மொழிபெயர்க்காத கேள்வி

எண்பதுகளின் கடைசியில் நான் லண்டனுக்கு வந்தபோது வெம்பிளியில் ஒரு வீட்டின் மாடியறை வாடகைக்குக் கிடைத்தது. கணவர் கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தார். என்னுடைய அகதி விண்ணப்பம் முடிவு தெரியாமல் கிடந்தது. இருபத்தாறு வயது. இந்த ஊரில் எனக்கென்று ஒருவருமில்லை.

முதல்நாள் கதவைத் திறந்தது ஒரு சிறுமி. பன்னிரண்டு வயதிருக்கும். யாரோ பெரியவர்கள் போட்டுக் கழித்த கம்பளிச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள். வீட்டுக்காரரின் மகள் என்றே நினைத்தேன்.

“இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ பிள்ளை?” என்று கேட்டேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். “உள்ள வாங்கக்கா. அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. சாப்புட்டீங்களா?” என்றாள்.

பேச்சைக் கேட்டதும் விளங்கிவிட்டது. இவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை இல்லை, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் ஊரிலும் வசதியான வீடுகளில் தோட்டத்துப் பிள்ளைகள் வேலைக்கு நின்றார்கள். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். விமானம் ஏறி இவ்வளவு தூரம் வந்தும் அதே கண்ணால்தான் அவளைப் பார்த்தேன்.

வீட்டுக்கார அக்காவுக்கும் அவருடைய கணவருக்கும் நல்ல உத்தியோகம். அவர் கணக்காளர், அக்காவுக்கு வங்கியில் வேலை. நான்கு வயதில் ஒரு மகள், இரண்டு வயதில் ஒரு மகன். காலையில் எல்லோருக்கும் முன்பு எழும்புவது அந்தச் சிறுமிதான். பிள்ளைகளைக் குளிக்கவார்த்து, சோறு தீத்தி, சமைத்து, உடுப்புகளை அயன் பண்ணி, குளியலறையைப் பிளீச் ஊற்றித் தேய்த்து முடிக்க அவளுக்குப் பொழுது சரியாக இருக்கும். மாடியில் வெற்றுச் சூட்கேஸ்கள் அடுக்கிய ஒடுங்கிய அறையில் படுத்தாள். சம்பளம் என்று அவள் கையில் எதுவும் கொடுத்ததை நான் கண்டதில்லை.

ஒருமுறை நான் அக்காவிடம் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்லமுடியாது. “அக்கா, இவளை ஏன் பள்ளிக்கூடத்துக்கு விடேல்லை?”

“அங்கை தோட்டத்திலை எண்டால் இப்ப கொழுந்து கிள்ளிக்கொண்டு நிண்டிருப்பாள்,” என்றார் அக்கா. “இஞ்சை வயிறாரச் சாப்பிடுறாள், குளிருக்குச் சட்டை இருக்கு. எங்கட பிள்ளை மாதிரித்தானே வைச்சிருக்கிறம்.”

நான் “ஓம்” என்றேன். அந்தப் புரட்டாதியில் அவர்களுடைய மகள் பள்ளிக்கூடம் தொடங்கினாள். புதுச் சப்பாத்து வாங்கினார்கள். ஒவ்வொரு காலையும் அதைத் துடைத்து மினுக்கி வைத்தது இவள்தான்.

அக்கா கெட்டவர் என்று எழுதினால் எனக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் ஊரில் அப்பா இறந்த செய்தி வந்தபோது என்னைக் கட்டிப்பிடித்து அழவிட்டவர் அவர்தான். மூன்று நாள் என்னைச் சமைக்கவிடவில்லை. என் விண்ணப்பத்துக்கு வேண்டிய நற்சாட்சிக் கடிதத்தை எழுதித் தந்தவர் அவருடைய கணவர். அந்த மூன்று நாளும் எனக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தவள் அந்தச் சிறுமி என்பது எனக்கு அப்போது நன்றிக்குரிய விஷயமாகத் தோன்றவில்லை.

சில மாதங்களில் பக்கத்துத் தெருவிலிருந்த ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் எனக்கு வேலை கிடைத்தது. மத்தியானம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுவது. நான் வீட்டுக்குத் திரும்பியதும் அவள் படிக்கட்டடியில் வந்து நிற்பாள்.

“இன்னைக்கு என்னக்கா போட்டீங்க?”

“மீன் பொரியல், உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி.”

“எல்லாரும் முடிச்சிருவாங்களா?”

“எங்கை? அரைவாசி குப்பைக்குத்தான் போகும்.”

“அவுங்க தட்டை யாரு கழுவுவா?”

“மெஷின் கழுவும்.”

அவள் அதை நம்பவில்லை. அடுத்தநாளும் கேட்டாள். பிறகு, எந்த வகுப்புவரை இருக்கிறது, தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்களா, பெரிய பிள்ளையாக வந்து முதலாம் வகுப்பில் சேர்ந்தால் மற்றவர்கள் சிரிப்பார்களா என்றெல்லாம் கேட்டாள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவளாம். படிக்கவைப்போம் என்று சொல்லித்தான் அவளை முதலில் கொழும்புக்குக் கூட்டிப்போனார்களாம். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு நான் அறைக்குப் போய்ப் படுத்துவிடுவேன். நின்ற கால் உளையும். பகல் முழுவதும் அவளுடைய வயதை எட்டிப்பிடிக்கும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வருகிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அதற்கடுத்த தை மாதம் நான் தடிமனும் காய்ச்சலுமாக வேலைக்குப் போகாமல் படுத்திருந்தேன். காலை பத்து மணியிருக்கும். வாசல் மணி அடித்தது. அவள் மாடிக்கு ஓடிவந்தாள்.

“அக்கா, வெள்ளக்காரரு ஒருத்தரு வந்திருக்காரு. கதவத் தெறக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க. ஆனா கண்ணாடி வழியா என்னையப் பாத்துட்டாரு.”

நான் இறங்கிப்போய்த் திறந்தேன். மழையில் நனைந்த கோட், கையில் ஒரு கோப்பு, ஐம்பது வயது மனிதர். கவுன்சிலின், அதாவது நகரசபையின், கல்விப் பகுதியிலிருந்து வருவதாகச் சொன்னார். பள்ளிக்கூட வயதுப் பிள்ளை ஒன்று பகலில் இந்த வீட்டில் நிற்பதாக அயலில் யாரோ அறிவித்திருக்கிறார்கள்.

அவர் கையிலிருந்த கோப்பைப் பார்த்ததும் எனக்கு என்னுடைய கோப்புத்தான் நினைவுக்கு வந்தது. இந்த வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் என் பெயரும் அதில் வரும். அக்காவும் கணவரும் கோபித்துக்கொண்டால் அறையும் போய்விடும், அந்த நற்சாட்சிக் கடிதமும் போய்விடும். என் கணவரை எப்படி இங்கே கூப்பிடுவது? இவ்வளவும் ஒரு மூச்சு விடுவதற்குள் எனக்குள் ஓடியது. எனக்குப் பின்னால் நின்ற பிள்ளையைப் பற்றி மட்டும் ஒன்றும் ஓடவில்லை.

“சொந்தக்காரரின் பிள்ளை, ஹாலிடேக்கு வந்தவள், அடுத்த கிழமை திரும்பிப் போகிறாள்,” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். ஆனால் போகவில்லை. முழங்காலை மடித்து அவளுடைய உயரத்துக்குக் குனிந்து, மெதுவாக ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். பள்ளிக்கூடம் போக உனக்கு விருப்பமா? பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, இதைத் தமிழில் கேளுங்கள் என்றார்.

நான் அவளிடம், “உன்ரை பேர் என்ன எண்டு கேக்கிறார்” என்றேன்.

அவள் பெயரைச் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. “அக்கா, இவரு பள்ளிக்கூடத்து ஐயாவா? என்னையச் சேத்துக்குவாங்களான்னு கேளுங்களேன்.”

என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்டார்.

லண்டன் பிடித்திருக்கிறதாம், ஆனால் அம்மாவிடம் போக ஆசையாக இருக்கிறதாம் என்று சொன்னேன்.

அவருடைய பார்வை அவளுடைய கைகளில் நின்றது. விரல்கள் சிவந்து வெடித்திருந்தன. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அவர் ஒரு அட்டையை என்னிடம் தந்து, வீட்டுக்காரர் இருக்கும்போது மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார்.

“என்னக்கா சொன்னாரு?” என்று கேட்டாள்.

“பிறகு வாறாராம்.”

“வந்து?”

“எனக்குத் தெரியேல்லை. நீ போய்ச் சின்னவனைப் பார்.”

வேலையால் வந்த அக்காவிடம் அட்டையைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்ல காலம், நீர் வீட்டிலை நிண்டது. இல்லாட்டி எங்கட கதி என்ன?” அந்த நேரம் எனக்கு உள்ளூர ஒரு பெருமை வந்தது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

சனிக்கிழமை அவளைக் காரில் ஏற்றினார்கள். லண்டனின் மறுகோடியில், இல்ஃபோர்டில், அக்காவின் உறவுக்காரர் வீட்டில் புதுக்குழந்தை பிறந்திருந்தது. இரண்டு பிளாஸ்டிக் பைகளில் அவளுடைய உடுப்பெல்லாம் அடங்கிவிட்டது.

“எங்க போறேன்னு தெரியலக்கா. உங்களுக்குத் தெரியுமா?”

“கிட்டத்தான்,” என்றேன்.

அந்த அதிகாரி சொன்னபடி மறுபடியும் வந்தார். பிள்ளை ஊருக்குப் போய்விட்டாள் என்று அக்கா சொல்வதை நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இறங்கி வரவில்லை. அதன்பிறகும் ஒரு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். வேலைக்குப் போகும் வழியில், பள்ளிக்கூட மதிலோடு ஒரு சிவப்பு டெலிபோன் பெட்டி. கவுன்சிலுக்கு ஒரு போன் எடுக்காமலே ஒரு நாளில் இரண்டுமுறை அதைக் கடந்து போனேன்.

கணவர் வந்தார். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீடு எடுத்தோம். மகள் பிறந்தாள். அகதி நிலை கிடைத்தது, பிறகு பிரித்தானியப் பாஸ்போர்ட்டும் கிடைத்தது. மகளை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும்போது வழியில் நின்று அழுதேன். எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் என்று ஒரு பெண் என் தோளைத் தட்டினாள். நான் அழுதது அதற்கல்ல என்று யாரிடம் சொல்வது?

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் எங்கள் பகுதித் தமிழ்க்கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஓர் இளம்பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, வெம்பிளி வீட்டு மாடியில இருந்தீங்கல்ல?”

முகத்தைவிடக் குரல்தான் முதலில் பிடிபட்டது. இடது கையில் மணிக்கட்டிலிருந்து மேலே ஏறிப்போன தீக்காயத் தழும்பு. கடைக்கு வெளியே பஸ் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்து பேசினோம். இல்ஃபோர்டில் நான்கு வருடம், பிறகு அவர்களுக்குத் தெரிந்த இன்னொரு வீடு. அங்கே கொதித்த எண்ணெய் கையில் கொட்டியது. ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு ஏதோ சந்தேகம். கூட வந்த வீட்டுக்காரியை வெளியே அனுப்பிவிட்டு, டெலிபோனில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்திருக்கிறார். அதோடு அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை.

“அந்தம்மா யாருன்னுகூடத் தெரியாதுக்கா. நான் சொன்னத அப்படியே சொன்னாங்க. ஒரு வார்த்த விடல.”

என்னைக் குத்துவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. நான் தலை குனிந்தேன்.

“அன்னைக்கு நீங்க ஹாலிடேன்னு சொன்னது எனக்கு வெளங்குச்சுக்கா,” என்றாள். “புள்ளைக பேசிப் பேசி அந்த வார்த்த எனக்குத் தெரியும்.”

“என்னை மன்னிச்சுக்கொள்ளும்,” என்றேன். அவளை ‘நீர்’ என்று மரியாதையாகப் பேசியது அதுதான் முதல்தடவை.

அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “எனக்கு ஒரு உதவி வேணும்,” என்றாள். வேறொரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில், வேறொரு பெயரில், மூன்றாவது பிள்ளையாக எழுதப்பட்டு வந்தவள் அவள். சிறுவயதிலிருந்தே இந்த நாட்டில் இருக்கிறாள் என்பதற்கு அத்தாட்சி எதுவுமில்லை. அக்கா குடும்பம் அவளைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டது. இங்கே தங்க விசா கேட்பதற்கு, கண்ணால் கண்ட ஒருவர் வேண்டும் என்று வக்கீல் சொல்கிறாராம்.

அப்போதும் நான் உடனே ஓம் என்று சொல்லவில்லை. கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் இரண்டு நாள் யோசித்தார். “அவையள் எங்களுக்குச் செய்த உதவி கொஞ்சமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஆர் என்ன செய்தது?” என்றார். மூன்றாம் நாள் நான் போனேன்.

வக்கீல் ஓர் ஆங்கிலேயப் பெண். அந்த வீட்டில் கண்டதையெல்லாம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே கேட்டார்: அந்தக் காலத்தில் அரசாங்கத்தைச் சேர்ந்த யாராவது இவளைப் பார்த்தார்களா?

அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் வக்கீலிடம் அந்தக் காலையைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க விரும்பாமல் விட்டாளா, நானே சொல்கிறேனா பார்ப்போம் என்று விட்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சொன்னேன். அந்த அதிகாரி கேட்ட கேள்வி, அவள் சொன்ன பதில், நான் சொன்ன பொய், மூன்றையும் தனித்தனியாகச் சொன்னேன். அந்த உண்மையைச் சொல்ல எனக்கு ஒன்பது வருடமும் ஒரு பிரித்தானியப் பாஸ்போர்ட்டும் தேவைப்பட்டன. அதில் துணிச்சல் என்று சொல்ல எதுவுமில்லை. அப்போது அதனால் நான் இழக்க ஒன்றும் இருக்கவில்லை.

வக்கீல் கவுன்சிலுக்கு எழுதினார். பழைய கோப்பு அகப்பட்டது. அந்த மனிதர் வந்த நாளும், வீட்டு முகவரியும், அவளுடைய உண்மையான பெயரும் அதில் இருந்தன. கைகளில் வெடிப்பு என்றும் குறித்திருந்தார். அதற்குக் கீழே, லண்டன் பிடித்திருக்கிறது, ஆனால் தாயிடம் போக விரும்புகிறாள் என்று பிள்ளை கூறினாள் என எழுதியிருந்தது. என்னுடைய பொய் அவளுடைய வாக்குமூலமாக ஒன்பது வருடம் அந்தக் கோப்பில் இருந்திருக்கிறது. வக்கீல் அதை வாசிக்கும்போது அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

விஷயம் தெரிந்து அக்கா போன் எடுத்தார். “எங்கட வீட்டிலை சாப்பிட்டு, எங்களுக்கே இப்பிடிச் செய்து போட்டீர்,” என்றார். “நாங்கள் அவளை அடிச்சமோ? பட்டினி போட்டமோ?”

“இல்லை அக்கா,” என்றேன். “பள்ளிக்கூடத்துக்கு விடேல்லை. நானும் விடேல்லை.”

அவர் போனை வைத்துவிட்டார். பிறகு கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒன்றரை வருடம் கழித்து அவளுக்கு விசா கிடைத்தது. போன் பண்ணி, “கெடச்சிருச்சுக்கா. மொதல்ல தோட்டத்துக்குப் போயி எங்கம்மாவப் பாக்கப் போறேன்,” என்றாள். போவதற்கு முன்பு ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன். பார்க்கலாம் என்றாள். இன்னும் இரண்டுமுறை கூப்பிட்டேன். வேலை இருக்கிறது, மாலை வகுப்பு இருக்கிறது என்று மரியாதையாகவே சொன்னாள். அதன்பிறகு நான் கூப்பிடவில்லை. என் வீட்டுக்கு வராமல் இருக்க அவளுக்கு உரிமை இருக்கிறது.